காலை ஜெபத்தில் என் முறை

என் வீட்டுக்காரர் என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. வாய்விட்டுத் திட்டியதும் இல்லை. என்மேல் என்ன கோபம் இருந்தாலும் அதை மறுநாள் காலை ஜெபத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வார்.

அவர் பெயர் மாசிலாமணி. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாத்தியார். தல்லாகுளத்தில் மிஷன் கொடுத்த ஓட்டு வீட்டில் அவரும் நானும் என் மாமியார் சற்குணத்தம்மாளும் இருந்தோம். காலை ஆறரை மணிக்கு மூன்று பேரும் பாயில் முழங்காலிட வேண்டும். முதலில் அவர் ஜெபம் பண்ணுவார், பிறகு அத்தை, கடைசியில் நான். அவருடையது இருபது நிமிஷம், அத்தையுடையது ஐந்து நிமிஷம், என்னுடையது நாலு வரி. பாடம் ஒப்பிப்பது போல நாலு வரி சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடுவேன்.

அந்த இருபது நிமிஷத்தில்தான் எனக்கு மண்டகப்படி நடக்கும். முந்தின நாள் குழம்பில் உப்பு கூடியிருந்தால், "ஆண்டவரே, இந்த இல்லத்தில் கவனமில்லாமல் நடக்கிற ஆத்துமாவுக்குப் புத்தி தாரும்" என்பார். பக்கத்து வீட்டு வாசலில் நான் நின்று பேசியிருந்தால், "நாவை அடக்காத ஸ்திரீயை நீரே சந்தியும்" என்பார். மனுஷனிடம் பேசுகிறவரானால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறவருக்கு நான் என்ன பதில் சொல்ல? கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். பதினோரு வருஷம் இப்படித்தான் போனது. எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் அந்தப் பாயில் வைத்துத்தான் எனக்குத் தீர்ப்புச் சொல்லப்பட்டது.

யுத்த காலத்தில், ஒரு மாசி மாதம், சோணை எங்கள் வாசலில் வந்து நின்றான். சோணை என் சித்தப்பா மகன். அழகர்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து சிம்மக்கல் சந்தைக்குக் காய்கறி கொண்டு வருகிறவன்.

"அக்கா, பெரியய்யா நேத்து புளி உலுப்ப மரத்துல ஏறி விழுந்துட்டாக. இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல. ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக."

பெரியய்யா என்று அவன் சொன்னது என்னைப் பெற்றவரை. பெயர் கருப்பு. நான் பிறந்தபோது எனக்கு மாயக்காள் என்று பெயர் வைத்தவர் அவர். அம்மா செத்ததும் ஏழு வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மைல் நடந்து வந்து மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரும் அவர்தான். அங்கே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துச் சாராள் ஆக்கினார்கள். அய்யாவிடம் கேட்டபோது, "புள்ள சாப்பிட்டுப் படிச்சாச் சரி" என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். அவர் மட்டும் மாறவில்லை. முப்பது வருஷமாகச் சித்திரையில் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிறைத்து, வைகையில் இறங்கும் அழகர் மேல் பீய்ச்சுகிறவர். பீய்ச்சி முடித்து, ஈர உடம்போடு போர்டிங் வாசலில் வந்து நிற்பார், கையில் ஒரு பொட்டலம் பொரிகடலையோடு. அதைப் பிரசாதம் என்று சொல்லி மேட்ரன் அம்மாள் ஒரு தடவை குப்பையில் கொட்டினாள். "கடையில வாங்குனதுதாம்மா" என்று அய்யா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஊருக்குப் போக வேண்டும் என்றேன்.

"போயி என்ன செய்யப் போற? அங்க கோடாங்கியக் கூட்டியாந்து உடுக்கை அடிப்பாங்க, திருநீறு போடுவாங்க. நீ பக்கத்துல நின்னு பாக்கணுமா? சபையில என்னைய மூப்பரா வைக்கலாமுன்னு பேசிக்கிட்டிருக்காங்க, தெரியும்ல. ஜெபிப்போம் சாராள். ஜெபத்தவிட ஒத்தாச என்ன இருக்கு?"

மறுநாள் காலை ஜெபித்தார். "கருப்பு என்னும் அந்த மனுஷன் விக்கிரகங்களை விட்டு மனந்திரும்பும்படி இந்த வியாதியைப் பயன்படுத்தும்" என்றார். கடைசியில் என் பக்கம் வந்தார். "பழைய உறவுகளின் மேல் இன்னும் ஆசை வைத்திருக்கிற ஆத்துமாவையும் கண்டித்து உணர்த்தும்." என் முறை வந்தது. வழக்கமான நாலு வரியைச் சொன்னேன். சொன்ன என் வாயில் கொள்ளியை வைக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துச் சோணை மறுபடி வந்தான். நான் மறுபடி கேட்டேன், அவர் மறுபடி ஜெபித்தார். அய்யாவின் பெயரை அவர் ஒரு நாள்கூட விடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். குரல் தழுதழுக்கும். சில நாள் கண்ணில் தண்ணீர்கூட வரும். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இட்லி வெந்துவிட்டதா என்று கேட்பார். அந்த இட்லித் தட்டை அவர் முகத்தில் வீசாமல் இருந்ததே நான் செய்த பெரிய ஜெபம்.

மூன்றாம் தடவை வந்த சோணை வாசலோடு நின்றான். உள்ளே வரவில்லை.

"முதுகுல புண்ணு வச்சிருச்சுக்கா. நான் விடியக்காலம் வண்டியப் பூட்டிட்டா, பொழுது சாயுற வரைக்கும் பெரட்டிப் போட ஆளில்ல. ஈ மொய்க்குது. இனிமே நான் வந்து சொல்ல மாட்டேன். வாரதா இருந்தா வா."

அவன் என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். அன்றைக்கு அய்யா விழுந்து பதினெட்டு நாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் இருபது நிமிஷத்தையும் முடித்தார். அத்தை அவளுடைய ஐந்து நிமிஷத்தை முடித்தாள். என் முறை வந்தது. நாலு வரியை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன், வேறு வந்தது.

"ஆண்டவரே, எங்கய்யா பேரு கருப்பு. பதினெட்டு நாளா இவரு அந்தப் பேர உம்மகிட்டச் சொல்றாரு, உமக்கு மறந்திருக்காது. இவரு சொல்லாம விட்டத நான் சொல்றேன். அவருக்கு முதுகுல புண்ணு வச்சிருச்சு. பெரட்டிப் போட ஆளில்ல. பாத்துக்கிடச் சொல்லி உம்மகிட்ட ஒப்படைச்சிட்டு இவரு பள்ளிக்கூடத்துக்குப் போயிடுறாரு. நான் அடுப்படிக்குப் போயிடுறேன். கையும் காலும் நல்லா இருக்கிற நாங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்துக்கிட்டு, நீர் ஒருத்தரே போயி எங்கய்யாவப் பெரட்டிப் போடணுமா? எங்களுக்கு வெக்கமே இல்ல ஆண்டவரே."

பக்கத்தில் அவர் தொண்டையைக் கனைத்தார். நான் நிறுத்தவில்லை.

"இன்னைக்குப் பத்து மணி பஸ்ஸுல நான் போறேன். இது உத்தரவு கேக்குற ஜெபம் இல்ல, தகவல். இவருக்குக் கோவம் வந்தா உம்மகிட்டயே சொல்லிக்கிடட்டும். இந்த வீட்டு வழக்கம் அதுதான்."

ஆமென் என்று நான் சொல்லவில்லை. முடித்து வைப்பது வீட்டுத் தலைவரின் வேலை. அவரும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன், அவரும் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற கண். அத்தைதான் இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்தபடி, நிதானமாக, "ஆமென்" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஜெபத்தில் யாரும் ஒன்றும் சேர்க்க முடியாது. அவளே எழுந்து போய், கிழிந்த வேட்டிகள் நாலைந்தை மடித்து என் பையில் வைத்தாள்.

"புண்ணு தொடைக்கத் துணி வேணும்ல" என்று மட்டும் சொன்னாள்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் அப்போது பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. ஏற்றத்தில் நின்று நின்று, பன்னிரண்டு மைலுக்கு ரெண்டு மணி நேரம் ஆனது. இந்தப் பன்னிரண்டு மைலுக்கா பதினெட்டு நாள் என்று வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

அய்யா மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் கட்டிலில் கிடந்தார். ஆளே பாதியாகிவிட்டார். தலைமாட்டில் ஆணியில் அந்த ஆட்டுத்தோல் பை காய்ந்து தொங்கியது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கப் பார்த்தார்.

"வந்துட்டியாத்தா."

வெந்நீர் போட்டு, அத்தை கொடுத்த வேட்டியைக் கிழித்து, புண்ணைத் துடைக்க ஆரம்பித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. வலி தெரியாமல் இருக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஒன் வீட்டுக்காரரு எனக்காக அன்னாடம் கும்பிடுறாராமுல்ல. சோணை சொன்னான். நல்ல மனுசன். நீ என்னத்தா கேட்டுக்கிட்ட?"

"என்னைய இங்க வர விடச் சொல்லிக் கேட்டேன்யா."

"யார்கிட்ட?"

கை நின்றுவிட்டது. பதினெட்டு நாளும் நான் கேட்டது ஒரு வாத்தியாரிடம். கடவுளிடம் நான் கேட்கவே இல்லை. அவரிடம் அந்த நாலு வரியைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அதுவரை வீட்டுக்காரர் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே பதில் தெரிந்திருக்கும். அய்யா என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, தொடைத்தா. ஈ வருது" என்றார்.

அங்கே எனக்கு ஆறரை மணி இல்லை, பாய் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அய்யாவைப் புரட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுக் கடவுளைக் கூப்பிட்டேன். சில தடவை திட்டவும் செய்தேன். இத்தனை வருஷத்தில் கடவுளோடு நான் பேசிய பேச்சு அதுதான்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்காரர் வந்தார். ஆராதனைக்குப் போட்ட கோட்டோடு, கக்கத்தில் வேதப்புத்தகத்தோடு வாசலில் நின்றார். ஆணியில் தொங்கிய தோல் பையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அறைக்குள் இருந்த வாடைக்கு மூக்கைப் பொத்தாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"வாங்க மாப்ள" என்றார் அய்யா. "உக்காரச் சொல்லுத்தா."

அவர் உட்காரவில்லை. "ஒரு ஜெபம் பண்ணிடுறேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நிலைப்படியிலேயே தலையைக் குனிந்தார்.

"புரட்டுற நேரமாச்சு" என்றேன். "சோணை சந்தையிலேருந்து வரல. நான் தோளப் பிடிக்கிறேன், நீங்க இடுப்பப் பிடிங்க."

"ஜெபம் பண்ணிட்டு..."

"பிடிச்சுக்கிட்டே பண்ணுங்க."

புத்தகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, அய்யாவின் தலைமாட்டில் வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை. குனிந்து, அய்யாவின் இடுப்புக்கடியில் இரண்டு கையையும் கொடுத்தார். மூடியிருந்த துணி நழுவிப் புண் தெரிந்ததும் அவர் முகம் வெளுத்தது. உதடு அசைய, பழக்கத்தில் இமை இறங்கியது.

"கண்ண மூடாதீங்க" என்றேன். "கை தவறிரும்."