செய்தி வாசித்தவள் வீட்டுக்குப் போய்விட்டாள்

"ஏம்மா, அதே ஊடு எத்தினி வாட்டிம்மா வுழும்?"

ஆறு வயது அருணா கேட்ட கேள்வி அது. அம்மாவின் கைபேசியில் ஒரு மாடிக் கட்டடம் புகையோடு சரிந்துகொண்டிருந்தது. காலையிலும் அதே கட்டடம்தான் சரிந்தது. குணசுந்தரிக்கோ ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று விழுவதாகவே நெஞ்சு பதறியது.

"சும்மா இருடி. உங்கப்பா அந்த ஊர்லதான் கீறாரு."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. கணவன் பார்த்திபன் வளைகுடா நாட்டில் வெல்டர். அங்கே குண்டு விழுகிறது என்று கேள்விப்பட்ட அன்றே குணசுந்தரி பாக்கிங் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். கைபேசியில் வெளிநாட்டு ஆங்கிலச் சேனலைப் பிடித்தாள். இங்கிலீஷ்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். ஒரு சொல்லும் புரியாததால், செய்தி வாசிக்கும் பெண்ணின் முகத்தைப் படித்தாள். அவள் புருவம் உயர்ந்தால் இவளுக்கு மூச்சு அடைத்தது. அவள் கறுப்புக் கோட்டு போட்டு வந்தபோது, துக்கத்துக்குத்தான் என்று முடிவுகட்டி அழுதாள்.

மறுநாள் மாலை அந்தப் பெண் திறந்த வாயோடு திரையில் உறைந்து நின்றாள். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த ஊரே அழிந்து, தொடர்பெல்லாம் அறுந்துவிட்டது என்று குணசுந்தரி நினைத்தாள். பார்த்திபனிடமிருந்து அழைப்பும் இல்லை. இவள் அனுப்பிய குரல் பதிவுகளும் போய்ச் சேரவில்லை. டிவியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தவள் எழவேயில்லை. அங்கும் அந்தக் கட்டடம் விழுந்தது. எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துக் கெட்ட செய்தி வந்துவிடுமோ என்று பயம். எழாமல் இருந்தால் அது வந்துகொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு கமர் நிஷா ரமலான் நோன்பில் இருந்தாள். ஆனாலும் தன் மகள் அஃபீஃபாவுக்கு ஆக்கியதில் அருணாவுக்கும் போட்டு, தலை வாரி, இருவரையும் பள்ளிக்கூடம் அனுப்பினாள். குணசுந்தரிக்குக் கொடுத்த தட்டுதான் தொடாமல் திரும்பி வந்தது. சில நாள் பொறுத்தாள். அப்புறம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாடி இது, ஊடா, சினிமா கொட்டாயா? மூஞ்சி கழுவி எத்தினி நாளாச்சு?"

"அவருகிட்டேந்து போனே இல்லக்கா. அந்தப் பொண்ணு கூட பேசிக்கினே இருந்து அப்டியே நின்னுபோச்சு. அங்க எல்லாம் போயிடுச்சுக்கா."

"எந்தப் பொண்ணு?"

குணசுந்தரி கைபேசியை நீட்டினாள். வாங்கிப் பார்த்த கமர் நிஷா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பைத்தியமே! நெட்டு தீந்துபோச்சுடி. மாசத்துக்குப் போட்டது அத்தினியும் பாத்தே தீத்துட்டே. உன் ஊட்டுக்காரரு நெட்டுலதான பேசுவாரு? போன் எப்டி வரும்?"

தன் கைபேசியிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். தவறிய அழைப்புகள் மடமடவென்று வந்து விழுந்தன. கடைசியில் ஒரு குரல் பதிவு.

"குணா, நான் நல்லாத்தான் கீறேன். குண்டு வுழுந்தது ரொம்ப தூரம். நீ ஏன் போனே எடுக்கல? பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லியா? எனக்கு இங்க தூக்கமே இல்ல குணா."

குணசுந்தரி கேவிக் கேவி அழுதாள். தன்னை நினைத்து அங்கே ஒருவர் இப்படித் தவித்திருப்பார் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

கமர் நிஷா டிவியை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணுக்கு அது வேல, குணா. நேரமானா கோட்ட கழட்டி மாட்டிட்டு, ஊட்டுக்குப் போயி புள்ளைக்கி சோறு போடும். வேற ஆளு வந்து குந்தும். நீதான் எழுந்திரிக்கவேயில்ல. சேதி கேளு, வேணான்னு சொல்லல. கேட்டுட்டு எழுந்திரு. தூரத்துல இருக்கறவங்களுக்கு துவா பண்ணு, பக்கத்துல இருக்கறவங்களுக்கு கையால செய். மனுசங்களால ஆவறது அவ்ளோதான்."

பெருநாளுக்கு முந்தின நாள். கமர் நிஷா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். தொழுகைக்கு அவள் போர்த்தும் வெள்ளைத் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பிய குணசுந்தரி நின்றாள். காற்று இந்தப் பக்கம் திரும்பி, இரும்பு உருக்கும் உலைகளின் கரி பொடிப்பொடியாக அதன்மேல் படிந்திருந்தது. தட்டினால் தீற்றிக்கொள்ளும். துணியை எடுத்துப் போய், கரி போகும்வரை நல்ல தண்ணீரில் அலசினாள். காற்று மாறும்வரை கையில் ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அதே கொடியில் விரித்து, அதே கிளிப்புகளை மாட்டிவிட்டு வேலைக்கு ஓடினாள். வாசல்களில் யாரும் இல்லை.

திரும்பி வந்த கமர் நிஷா துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த வெயில்லயும் காயலியே" என்று அதைத் திருப்பிப் போட்டாள்.