கடிதம் வாங்கச் சம்மதம்

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. சிட்னியின் பென்டில் ஹில் மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஒரு படிவத்தை நீட்டி, "கம்பனிக்கு ஆராவது வழக்குப் போட்டா, கடதாசி உங்கட வீட்டுக்குத்தான் வரும்" என்றார். கல்யாணப் பத்திரிகை வைப்பவரைப் போல அவ்வளவு பணிவு. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாரா என்று பார்ப்பதற்குள் என் முறை வந்துவிட்டது. முருங்கைக்காயோடு வெளியே வந்தேன். மீதியெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "புது லாரியின் முகப்பில் எலுமிச்சம்பழம்..." [வேண்டாம். லாரி என்றதும் எலுமிச்சம்பழம் கட்டுவது என் சோம்பேறித்தனம்.]

இரண்டாவது: "ஆஸ்திரேலியச் சட்டப்படி ஒரு நிறுவனமானது..." [நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் லாரி ஓட்டும் கஜீவன் சொந்தமாகக் கம்பெனி தொடங்குகிறான். பாதி வாரம் ரோட்டில் இருப்பவனிடம் நீதிமன்றக் கடிதத்தை எங்கே போய்க் கொடுப்பது? அதற்கொரு நிலையான முகவரியும், வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். அடுத்தவர் வீடென்றால் அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பதில் போடும் கெடு, கடிதம் அந்த வாசலுக்கு வந்த நாளிலிருந்தே ஓடும். இதற்கென்றே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் உண்டு. கஜீவனோ சிட்னிப் புறநகரான கிரவீனில் இருக்கும் யோகா அக்காவின் கதவைத் தட்டினான்.

3

யோகா முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். கஜீவன் அறை மாறி அறை மாறி அகதி விசாவுக்குக் காத்திருந்த ஏழு வருடமும் அவன் கடிதங்கள் அவள் வீட்டுக்குத்தான் வந்தன.

"இவ்வளவு பேர் இருக்க என்னை ஏன் கேக்கிறாய்?"

"வேற ஆரைக் கேக்கிறது?"

யோகா பேனாவைத் தொடவில்லை. [இங்கே அவள் மனதுக்குள் நுழைந்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவளே சொல்லட்டும்.]

"நான் இதுக்குச் சரிவராத ஆள், தம்பி. உன்ர கேஸ் மறுத்த கடிதம், உன்ர அப்பான்ர அந்தியேட்டிக்கு ரெண்டு நாள் முன்னம் வந்தது. கிரியை முடியட்டும் எண்டு மிளகாய்த்தூள் பேணிக்குப் பின்னால ஒளிச்சு வைச்சனான். நீ கடைசி நாள் ஓடிப்போய் அப்பீல் போட்டாய். அண்டைக்கு ஒரு ட்ரெயின் தவறியிருந்தா..."

அவளும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இறந்த தகப்பனுக்கு, போக வழியில்லாத மகன் இங்கே செய்த முப்பத்தோராம் நாள் காரியம் அது. காரியம் முடியும்வரை கெட்ட செய்தியைப் பொத்தி வைப்பது நம் ஆட்களின் வழக்கம். கெடு போட்டவர்களுக்கு அது தெரியாது.

"தெரியும் அக்கா. பிறகு கவரில இருந்த ட்ராக்கிங் நம்பரைத் தட்டிப் பாத்தனான். நீங்கள் வாங்கின திகதி காட்டினது."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்ல?"

"அந்த ரெண்டு நாளும் நான் அப்பாவுக்காக மட்டும் அழுதனான். அதைத் தந்தது நீங்கள். உங்களிட்ட என்னத்தைக் கேக்கிறது?" பிறகு சிரித்தான். "ஆனா இனி ஒளிக்க ஏலாதக்கா. கம்பனி போயிடும்."

"ஓம். ஒளிக்கமாட்டன்" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.

4

கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் வேதவல்லி என்றொரு பெண், தன் வீட்டுத் தபால்பெட்டியில் என் பெயரையும் எழுதி ஒட்டிவைத்தாள். அவளுக்கு நான் ஒழுங்காக ஒரு நன்றி சொன்னதில்லை. இந்தக் கதையை எதற்கு எழுதுகிறேன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

5

மறு வருடம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. யோகாவின் கையில் ஒருவர் உறையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கஜீவனின் லாரி சுவரை இடித்ததாக மெல்போர்ன் கிடங்குக்காரர் போட்ட வழக்கு. கஜீவன் அப்போது மெல்போர்னின் கேரம் டவுன்ஸ் கோயிலில் இருக்கிறான். மகளுக்குச் சோறு தீத்தும் சடங்கு, முதல் சோறு ஊட்டுகிறார்கள். பதினோரு வருடம் கழித்து அவன் கண்ட தாயின் மடியில் பிள்ளை. தாய்க்கு ஊர் திரும்ப ஞாயிற்றுக்கிழமை விமானம்.

முடிவு அ: ஞாயிறுவரை பொறுக்கிறாள். இரண்டு நாள்தானே. [அன்றும் இரண்டு நாள்தான். அடித்துவிட்டேன்.]

முடிவு ஆ: உடனே சொல்கிறாள். தாய் மகனின் முகத்தைப் பார்க்கிறார். [இதையும் அடித்துவிட்டேன்.]

யோகா நம்பரை அழுத்திவிட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவே கஜீவன், "சொல்லுங்கோ அக்கா" என்கிறான். எனக்கு இதற்குமேல் எழுத வரவில்லை. போனை உங்களிடம் தருகிறேன்.

சொல்லுங்கள்.