ஒரு சாண் மேலே நின்ற திரை

ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டபோது, திரை மாட்டும் மெக்கானிக்குக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடியில் கூடத்து ஜன்னலுக்கு அவர் பொருத்திய மோட்டார் திரை. புகார் அதேதான். இறக்கினால் ஜன்னலின் கீழ் விளிம்புவரை வராமல் ஒரு சாண் மேலேயே நின்றுவிடுகிறது.

இப்படிப்பட்ட திரைக்கு மேலே எங்கே நிற்க வேண்டும், கீழே எங்கே நிற்க வேண்டும் என்று ரிமோட் வழியாகச் சொல்லிவைப்பார்கள். லிமிட் வைப்பது என்று பெயர். ஒருமுறை வைத்தால் மோட்டார் மறக்காது. யாரோ மாற்றினால்தான் மாறும். போன முறை, "தானா வேற ஏறி இறங்குது" என்று அந்த வீட்டு அக்கா சொன்னதற்கு, "ரிமோட் மேல உக்காந்திருப்பீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

குறுகலான தெரு. எதிர்க் கட்டடத்தில் நேர் எதிரே இருப்பது அக்காவின் சொந்தத் தங்கை வீடு. எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களுடைய அம்மா அக்கா வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். "நீ பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?" என்று கேட்டுவிட்டு, தங்கை அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். அந்த ஜன்னல் கண்ணில் படக்கூடாது என்றுதான் அக்கா திரை போட்டார். திரை மாட்ட வந்த வேனைப் பார்த்த தங்கை, அதன் மேல் எழுதியிருந்த ஃபோன் எண்ணுக்குப் பேசி, மறுநாளே தானும் ஒன்று போட்டுக்கொண்டார். சண்டைக் கதையை அக்காவின் கணவர் முதல் நாளே ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார்.

மெக்கானிக் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். தயார் என்பதுபோலத் திரை ஒருமுறை குலுங்கியது. விளிம்புவரை இறக்கி, நிறுத்தி, லிமிட் வைத்தார். மறுபடி குலுங்கியது. முடிந்தது. ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு ஏணியை மடக்கினார்.

திரை தானாக மேலே ஏறியது.

யாரும் எதையும் தொடவில்லை. எதிர் ஜன்னலிலும் திரை ஏறிக்கொண்டிருந்தது. அது நின்றதும் இதுவும் நின்றது. அது கொஞ்சம் இறங்கியது. இதுவும் இறங்கியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் முதல் நாள் லிமிட் வைக்கத் தன் சொந்த ரிமோட்டைத்தான் பயன்படுத்தியிருந்தார். மறுநாள் தங்கை வீட்டில், பெட்டியில் வந்த ரிமோட் வேலை செய்யாததால் அதையே கொடுத்துவிட்டார். இந்த வீட்டு மோட்டாரின் நினைவிலிருந்து அதை அழிக்கவில்லை. தங்கை வீட்டு ஜன்னல் ஒரு சாண் குட்டை. லிமிட் வைக்கத் தங்கைக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார். அங்கே அவர் அதை மாற்றும்போதெல்லாம் இங்கேயும் மாறியிருக்கிறது.

சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ரிமோட் மேல் உட்கார்ந்ததாகச் சொன்ன பேச்சு உறுத்தியது.

"மேடம், தப்பு என்னோடது. எதிர்வீட்டு ரிமோட்டுக்கு உங்க திரையும் கட்டுப்படுது."

அக்காவின் கணவர் சிரித்துவிட்டார். "இந்த வீட்ல நான் சொன்னா ஒரு பொருள் அசையாது. மச்சினி சொன்னா திரை கூட ஆடுது பாரு."

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு மாசமா என் ஜன்னல அவ திறந்து மூடிக்கிட்டு இருக்காளா?"

"அவங்களுக்குத் தெரியாது மேடம். புது ரிமோட் குடுத்து அத வாங்கிட்டு வந்துடறேன்."

"இருங்க, நானும் வர்றேன்."

தெருவைக் கடக்கும்போது அக்கா முன்னால் வேகமாக நடந்தார். மெக்கானிக் இரண்டடி பின்னாலேயே நடந்தார். கதவைத் திறந்த தங்கை அக்காவைப் பார்த்து கதவைப் பிடித்தபடியே நின்றார். மெக்கானிக் அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ நீ திறக்கலியா?" என்று தங்கை அக்காவைக் கேட்டார்.

"நான் எதுக்குத் திறக்கறேன்? மூடறதுக்குத்தானே வாங்கினேன்."

"அம்மா எந்திரிச்சதும் நான் திரைய ஏத்துவேன். அதே நேரம் உன்னுதும் ஏறும். மதியம் வெயில் அம்மா கண்ணுல அடிக்குதேன்னு இறக்குவேன். நீயும் இறக்குவ. சரி, வாய் விட்டுப் பேசத்தான் வீம்பு, பாக்கணும்னு ஆசை இருக்குன்னு நெனச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"பெரியவ பாக்கறா, கை காட்டும்மான்னு. தெனமும் காலைல காட்டறாங்க."

காலையில் அந்த நேரம் அக்கா சமையலறையில் இருப்பார். ஜன்னல் பக்கம் வருவதே இல்லை. தங்கையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அம்மா தலையணையில் சாய்ந்திருந்தார்.

"வந்துட்டியா? தெனம் பாக்கறோமே, அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?" என்றார் அம்மா.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டார். "ஆமாம்மா, தெனம் பாக்கறோம்" என்றார்.

மெக்கானிக் அந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டு, தங்கை வீட்டு மோட்டாருக்குப் புதியதைப் பழக்கினார். அம்மாவின் கண்ணில் வெயில் படாத உயரத்தில் கீழ் லிமிட்டை வைத்தார். பிறகு தனியாகத் தெருவைத் தாண்டி வந்து, அக்கா வீட்டு மோட்டாரிலிருந்து பழைய ரிமோட்டை அழித்தார். விளிம்புவரை இறக்கி லிமிட் வைத்து, மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இனிமே யார் பேச்சையும் கேக்காதுல்ல?" என்றார் அக்காவின் கணவர்.

"உங்க ரிமோட்ட மட்டும் கேக்கும் சார்."

வேலைத் தாளில் 'கோளாறு: பொருத்தியவரின் கவனக்குறைவு' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார். ஏணியோடு கீழே இறங்கியபோது எதிர்வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. குளியலறைத் தரை ஈரமாக இருந்ததா இல்லையா என்று அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா யாரையோ தண்ணீர் கேட்டார். அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதால் மெக்கானிக் வண்டியை எடுத்தார்.