பெரியெழுத்துக்காரரும் ஒரு கூடுதல் வரியும்

அச்சகத்தின் பின்னறையில் அவளுக்கு வாசிக்கிற வேலை, எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் திருத்துகிற வேலை. கைப்பிரதியை அவள் உரக்க வாசிப்பாள். அச்சுப்படியில் விட்டுப்போனதை அவன் சேர்ப்பான். ஆங்கிலம் என்றால், 'கேபிடல்' என்கிற பெரிய எழுத்து வரும் இடத்தில் "பெருசு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். அவனுடைய கெடுபிடி தாங்காமல் அச்சகமே அவனுக்குப் 'பெரியெழுத்து' என்று பெயர் வைத்துவிட்டது.

அன்றைக்கு வந்தது ஒரு மொழிப் பள்ளியின் ஆங்கிலக் கையேடு. பள்ளிக்காரர் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே எழுதித் தள்ளியிருந்தார்.

"மொழிப் பேரும் நாட்டுக்காரங்க பேரும் வாக்கியத்துல எங்க வந்தாலும் பெருசுதான். பிரெஞ்சு வாத்தியார்னா பிரெஞ்சு பெருசு, வாத்தியார் சின்னது. கணக்கு, சரித்திரம் எல்லாம் சின்னது," என்றான் அவன்.

"கணக்கு என்னங்க பாவம் பண்ணிச்சு?"

"அதுக்குச் சொந்த ஊர் இல்ல. வாசிங்க."

"நம்ம எழுத்துல இந்தப் பெரியவன் சின்னவன் பேச்சே கிடையாது."

"இதுல உண்டு. வாசிங்க."

இந்த மனுஷனைத்தான் அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. அக்கா வேறு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் சரியா வேண்டாமா சொல் என்று காலையிலேயே உயிரை எடுத்துவிட்டாள். இவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதைச் சொல்வது? நேரே கேட்கவும் நாக்கு எழவில்லை. மாலை வகுப்பு நேரத்தை வாசித்த கையோடு, அதே ராகத்தில், ஆங்கிலத்திலேயே சொந்தமாக ஒரு வரியைச் சேர்த்து வாசித்துவிட்டாள்: வாசிப்பவளுக்குத் திருத்துபவரைக் கட்டிக்கொள்ள ஆசை, அவரோ, தமிழ் தெரிந்திருந்தும், வேலையைத் தவிர அவளிடம் வேறெதுவும் பேசுவதில்லை.

அவன் பேனா நின்றது.

"தமிழுக்குப் பெருசு சொல்லலையே நீங்க?"

"பெருசு," என்றாள் உயிரே இல்லாத குரலில்.

அச்சுக்கோத்தவர் ஒரு வரியை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று, அவன் அதை ஓரத்தில் முத்து முத்தாக எழுதிச் சேர்த்தான். எழுத்து எழுத்தாகப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அர்த்தம் எங்கே தெரியப்போகிறது? அவள் தடுத்திருக்கலாம். வந்த கோபத்தில், போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் பள்ளிக்காரர், பார்வைக்கு அனுப்பியிருந்த அந்தப் படியோடு வந்து நின்றார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர்.

"தம்பி, இது எந்த வகுப்பு? என் பள்ளிக்கூடத்துல இல்லையே!"

அவன் வாங்கிப் பார்த்தான். அவனுடைய கையெழுத்துதான். இந்த முறை அதை வாக்கியமாகப் படித்தான். காது மடல் வரை சிவந்துபோனது.

"தெரியாம வாசிச்சிட்டேன். அடிச்சிடுங்க," என்றாள் அவள். தலை நிமிரவில்லை.

அவன் பேனாவைத் திறந்து வரியின் பின்பாதியில் மட்டும் ஒரு கோடு இழுத்தான்.

"முன்பாதியில திருத்த ஒண்ணும் இல்லங்க. பின்பாதிதான் தப்பு. இனிமே பேசுவேன்."

"நல்லா இருங்க. என் கையேட்டுல மட்டும் ரெண்டு பாதியும் வேண்டாம்," என்றார் பள்ளிக்காரர்.

அக்காவிடம் வேண்டாம் என்று சொல்ல அவள் போனை எடுத்தபோது சாயங்காலமாகிவிட்டது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.