கைலி போர்த்திய பாத்தி

ஜைனுதீனுக்கு இருந்த ஆறு கைலிகளில் ஐந்தைக் கத்தரிப் பாத்திக்குப் போர்த்தி முடித்துவிட்டாள் இஸ்ரத். ஆறாவது அவர் இடுப்பில் இருந்ததால் தப்பித்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி என்று மாடி அறையில் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தார் மனிதர். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வந்தால் அதுதான் அவருடைய ஆபீஸ் உடை. இஸ்ரத் பாத்தியின் இரண்டு பக்கமும் மூங்கில் குச்சிகளை நட்டு, கைலிகளைக் கூடாரம் போல் விரித்து, துணிக் கிளிப்புகளால் இறுக்கியிருந்தாள். மிளகாய்க் கன்றுகளின் மேல் ஐஸ்கிரீம் டப்பாக்கள், பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல். தக்காளிக்கு வீட்டிலிருந்த எல்லா வாளிகளும். நல்ல செழிப்பாக வந்திருந்த மூன்று தக்காளிகளுக்கு மட்டும் தனி மரியாதை. நோன்பு பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்ததால் சும்மா கிடந்த பிரியாணி தேக்சாவைத் தூக்கி வந்து கவிழ்த்துவிட்டாள்.

டெக்ஸாஸின் மார்ச் மாதத்துக்கு வெட்கமே கிடையாது. செவ்வாய்க்கிழமை ஃபாரன்ஹீட்டில் எண்பத்துநாலு டிகிரி. ஏசி போட்டார்கள். ஆலன் ஊர் முழுக்க ஆட்கள் அரைக்கால் சட்டையோடு நாயை நடத்திக்கொண்டு போனார்கள். நாளை காலை இருபத்தேழு என்கிறது ரேடியோ, தண்ணீர் உறையும் முப்பத்திரண்டுக்கும் கீழே. உறைபனி எச்சரிக்கை, குழாயைச் சொட்ட விடுங்கள், செடிகளை உள்ளே எடுங்கள். தரையில் நட்டதை எப்படி உள்ளே எடுப்பது என்று ரேடியோக்காரர் சொல்லவில்லை.

மார்ச் பாதிக்கு முன்னால் எதையும் வெளியே வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா என்ன. இதே மண்ணில் பதினோரு வருஷம் மாரடித்தவள். ஆலன் தமிழ்த் தோட்டக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுப்பதே அவள்தான். ஆனால் ஜனவரியில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஜைனுதீன் சொன்னார்: "இந்த வருஷம் எதுவும் நடாத. வீட்ட விக்க லிஸ்ட் பண்றோம். லாஸ் கொலினாஸ்ல ஒரு காண்டோ பாத்துருக்கேன், ஏழாவது ஃப்ளோர், மெயின்டெனன்ஸ் ஃப்ரீ." கேட்கவில்லை, அறிவித்தார். சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். ஏழாவது மாடி! மண்ணைத் தொட வேண்டுமென்றால் லிஃப்டில் இறங்கிப் போய் ஊரான் வைத்த பூச்செடியைத்தான் தொட வேண்டும். வாய் வார்த்தையில் அவரை ஜெயித்து இஸ்ரத்துக்குப் பழக்கமில்லை. மறுநாள் விருந்தினர் அறை அலமாரிக்குள் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, இருபத்துமூன்று காகிதக் கோப்பைகளில் விதை போட்டாள். மார்ச் முதல் வாரம் வெயில் அடித்த அன்றே அத்தனையையும் தரையில் இறக்கினாள். ஏப்ரல் வரை காத்திருந்தால் வாசலில் 'விற்பனைக்கு' பலகை நின்றுகொண்டிருக்கும். சீக்கிரம் நட்டது தப்புதான். தெரிந்தே செய்த தப்பு.

மீட்டிங் முடிந்து இறங்கி வந்த ஜைனுதீன் கண்ணாடிக் கதவருகே அப்படியே நின்றுவிட்டார்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு போட்டோ எடுக்க வர்றாங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"இது என்ன இது, அகதி முகாம் மாதிரி? அது என் கைலியா?"

"தொவச்ச கைலிதான்."

அவர் பல்லைக் கடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, லேசாகச் சிரித்தார். "பாரு, வெதரே என் பக்கம்தான். நட வேணாம்னு நான் சொன்னப்ப நீ கேக்கல. இப்ப அது சொல்லுது."

அந்தச் சிரிப்புதான் இஸ்ரத்துக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசிக் கிளிப்பை எடுத்து வேண்டுமென்றே அவர் கண் முன்னால் அழுத்திப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பார்த்தபோது புல் முழுக்க உப்பு கொட்டியது போல் வெள்ளை. ஒன்பது மணிக்கு வெண்பா வந்தாள். ரியல் எஸ்டேட் பெண், பக்கத்து ஊர் பிளானோக்காரி, முப்பது வயதுக்குள் பாதி ஊர்த் தமிழர்களுக்கு வீடு வாங்கிக் கொடுத்துவிட்டவள். கூடவே கேமராவும் ட்ரோனும் தூக்கிக்கொண்டு ஓர் அமெரிக்கப் பையன். வீட்டுக்குள் எல்லாம் சுத்தம். சமையலறைக் கல்லில் முகம் பார்க்கலாம். பின்பக்கம் வந்ததும் பையன் கேமராவைக் கீழே இறக்கி வெண்பாவைப் பார்த்தான். வெண்பா கைலிகளைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, சூப்பரா கவர் பண்ணிருக்கீங்க. ஒரு ஃபிஃப்டீன் மினிட்ஸ் மட்டும் எல்லாத்தையும் ரிமூவ் பண்ணிட்டா, க்விக்கா ஷூட் பண்ணிட்டுத் திரும்பப் போட்டுடலாம். நானே ஹெல்ப் பண்றேன்."

"இப்ப முப்பது டிகிரிம்மா. தொறந்தா கருகிடும்."

"பேக்யார்டுதான் ஆன்ட்டி இங்க செல்லிங் பாயின்ட். பையர்ஸ்க்கு லான் தெரியணும். ஆக்சுவலா இந்த கார்டன் பெட் எல்லாம் எடுத்துட்டுப் புல்லு போடலாம்னு அங்கிள் சொல்லிருந்தாரு."

இஸ்ரத் ஜைனுதீனைப் பார்த்தாள். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல் போடப் போவது அவளுக்குச் செய்தி.

"நான் எடுக்கிறேன்" என்று அவர் முன்னால் வந்தார். அடுத்தவர்கள் முன்னால் காரியம் நின்றுபோனால் அவருக்குப் பொறுக்காது. குனிந்து முதல் கிளிப்பில் கை வைத்தார். இஸ்ரத் பாத்திக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். காலில் வெறும் ரப்பர் செருப்பு, தலையில் முக்காடு, அதற்கு மேல் அவருடைய பழைய குளிர் கோட்டு. சின்ன உருவம்தான்.

"கைய எடுங்க."

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அந்தத் தொனியில் பேசியது கிடையாது. பையனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ஒரு அடி பின்னால் போனான்.

வெண்பாதான் சமாதானப்படுத்த வாயெடுத்தாள். நல்ல பெண். உண்மையிலேயே நல்லதுக்குத்தான் சொன்னாள். "ஓகே ஓகே, நோ இஷ்யூஸ். போட்டோவ மண்டேகூட வச்சுக்கலாம். எப்படியும் ஆன்ட்டி சைன் இன்னும் வரல. டெக்ஸாஸ்ல குடியிருக்கிற வீட்ட விக்கணும்னா ஹஸ்பண்ட் வைஃப் ரெண்டு பேரும் சைன் பண்ணணும். அங்கிளோடது வந்துருச்சு, ஆன்ட்டியோடதுதான் பெண்டிங். சைன் பண்ற லிங்க் மூணு நாளா மெயில்ல இருக்கே, பாக்கலையா ஆன்ட்டி?"

"எந்த மெயில்?"

வெண்பா போனை எடுத்து முகவரியைப் படித்தாள். படிக்கும்போதே அவள் குரல் இறங்கியது. அந்த முகவரி 'ஜைனு' என்றுதான் ஆரம்பித்தது. "அங்கிள்... இது ஆன்ட்டியோட ஐடின்னு சொன்னீங்களே?"

ஜைனுதீன் முகத்தில் ஈயாடவில்லை.

இஸ்ரத்துக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. விமான டிக்கெட், வரிப் படிவம், பல் டாக்டர், பாஸ்போர்ட், அவள் பெயர் வரும் எல்லா இடத்திலும் இத்தனை காலமாக அவர்தான் பொத்தானை அழுத்திக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். யார் அந்தப் பாஸ்வேர்டையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது? ஆனால் இந்த வீடு? தன்னைக் கேட்காமல் விற்கவே முடியாத ஒன்று தன் காலடியில் இருந்திருக்கிறது. அதை இந்தப் பெண் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. குளிரையும் மீறி அவளுக்குக் காது மடல் சுட்டது. கோபம்தான். கலப்படமில்லாத கோபம்.

"எனக்குன்னு ஒரு மெயில் இருக்கு. தோட்டத்துக்கு விதை ஆர்டர் பண்றது. எழுதிக்க" என்று முகவரியை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அதுக்கு அனுப்பும்மா."

"அனுப்பினா... சைன் பண்ணுவீங்களா ஆன்ட்டி?"

"அனுப்பு. படிக்கிறேன்."

வெண்பா தலையாட்டினாள். பையன் ட்ரோனை மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடினான். கார் கிளம்பிப் போனது.

பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறியது. இஸ்ரத் ஒவ்வொன்றாகத் திறந்தாள். கைலிக்குக் கீழே கத்தரி பத்தில் ஏழு நிமிர்ந்து நின்றது, மூன்று துவண்டு கறுத்திருந்தது. மிளகாயில் நாலு போனது. வாளிக்குள் தக்காளி பரவாயில்லை. தேக்சாவுக்குள் இருந்த மூன்றில் இரண்டு, குளிர்ந்த உலோக விளிம்பில் இலை ஒட்டி வெந்த கீரையாகியிருந்தன. தனி மரியாதை கொடுத்ததற்கு அந்தப் பலன். மொத்தம் ஒன்பது போய்விட்டது. செத்ததைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். துக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதினாலு இருக்கிறதே.

பின்னால் ஜைனுதீன் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை.

"நானே சைன் பண்ணிடலாம்னுதான் அந்த ஐடிய கொடுத்தேன்" என்றார். "எப்பவும் பண்றதுதானே. மூணு நாளா ஓப்பன் பண்ணி ஓப்பன் பண்ணி மூடிட்டேன். கை வரல, இஸ்ரத்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் இளகிவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு இஸ்ரத்தைத் தெரியாது. கை வராததைப் பெரிய கொடையாக எடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ மாட்டேன்னுருப்ப."

"ஆமா. மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

கோட்டுப் பைக்குள் அவள் போன் ஒரு முறை ஒலித்தது. மெயில் வந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை. கராஜுக்குப் போனாள். மண்வெட்டியோடு திரும்பி வந்தாள். பாத்தியைத் தாண்டி, ஜைனுதீன் வருஷா வருஷம் உரம் போட்டு வளர்க்கும் புல்வெளியின் நடுவில் போய் நின்றாள்.

"அங்க என்ன பண்றே?"

"புடலைக்கு எடம் பத்தாது."

"மண்டே மறுபடி முப்பதுக்கு எறங்குது. இப்ப என்ன புடலை?"

"எறங்கட்டும். இப்பவே வெதைக்கப் போறதில்ல. மண்ணு ரெடியா இருக்கட்டும்."

மண்வெட்டியின் விளிம்பில் ஒரு காலை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. இரண்டு காலையும் தூக்கி அதன் மேலேயே ஏறி நின்றாள். உடம்பின் பாரம் முழுவதும் இறங்க, புல் வேர்கள் துணி கிழிவதைப் போலச் சத்தமிட்டன. ஒரு சதுரம் பெயர்ந்து வந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டாள். பனியில் நனைந்த கறுப்புக் களிமண், வெயில் பட்டு மெல்ல ஆவி விட்டது. அதில் அறுபடாத ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போக வழி தேடியது. அது போய் மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, இஸ்ரத் வேலியை நோக்கி அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தாள்.