ரிலீவர்

கன்வேயரின் நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அந்தப் பம்பு கம்பெனியில் கை உயர்ந்தால் ஒரே அர்த்தம்தான்: என்னால் அடக்க முடியவில்லை, யாராவது வந்து என் இடத்தில் நில்லுங்கள். யாராவது என்பது பேருக்குத்தான். போர்மேன் நாராயணப்பன் மேசையில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "தீர்த்தகிரி! பேக பா!" என்று, சீக்கிரம் வா என்ற அர்த்தத்தில் ஒரு குரல் விடுவார். கோபம், அவசரம், பிரியம் எதுவானாலும் அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். தீர்த்தகிரி போய் நிற்பான். வாஷர் வைக்கிறவன் போனால் வாஷர் வைப்பான், போல்ட் முறுக்குகிறவன் போனால் போல்ட் முறுக்குவான். பெல்ட் நிற்காது. போனவன் பீடி வாசத்தோடு திரும்பி வந்து தோளைத் தட்டினால் இவன் விலகிக்கொள்ள வேண்டும். இதற்கு ரிலீவர் என்று பெயர். ஒன்பது வருஷமாக அந்த ஷெட்டில் அவனுக்கென்று ஒரு முக்காலி கிடையாது.

கம்பெனி அவனை எடுத்தது போல்ட் முறுக்க அல்ல. ஓசூரில் சிப்காட் எழும்பி, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு டீம் வைத்துக்கொண்டு கௌரவம் கொண்டாடிய காலத்தில், கூடைப்பந்து ஆடுவதற்காக எடுத்தார்கள். மத்தியானம் வரை ஷெட்டில் வேலை, அதன் பிறகு கோர்ட்டில் பயிற்சி. பாயிண்ட் கார்டு என்றுதான் சேர்ந்தான். பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று ஆட்டத்தையே நடத்துகிற இடம் அது. சேர்ந்த மாதமே, ஓரத்திலிருந்து கூடைக்கு எறிகிறவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கொஞ்ச நாள் அங்கே நில்லு என்றார்கள். நின்றான். அவன் தேறி வருவதற்குள் முன்வரிசையில் ஆடிய ஒருத்தன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அங்கேயும் நின்றான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவனை எந்த ஊரில் சும்மா விட்டிருக்கிறார்கள்? வராதவன் யாரோ, அவனுடைய பனியனைப் போட்டுக்கொள்வான். ஏழாம் நம்பராகக் கோலாருக்குப் போனான், பதினொன்றாம் நம்பராகச் சேலத்துக்குப் போனான். ஒரு தடவை பேப்பரில் அவன் படம் வந்தது. கீழே பனியனுக்குச் சொந்தக்காரன் பேரைப் போட்டிருந்தார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம், மாங்காய் லாரிகள் கிருஷ்ணகிரி ரோட்டை அடைத்துக்கொள்ளும் சமயத்தில், சுடலைமுத்து சார் அவனைத் தேடி ஷெட்டுக்குள்ளேயே வந்தார். பகலில் டைம் ஆபீஸ், சாயங்காலத்தில் கோச். எத்தனை வருஷம் ஓசூர்க் குளிரில் கிடந்தும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சு மட்டும் மாறவே இல்லை.

"தலைமை ஆபீஸ்ல சொல்லிட்டாவ தீர்த்தகிரி. இனிமே டீமுக்கு நம்ம ஆளுவ அஞ்சு பேருதான். மிச்சத்துக்குக் காலேஜ் பையங்கள ஆட்டத்துக்கு ஆட்டம் கூப்பிட்டுக்கிடணுமாம். அஞ்சுல இல்லாதவன் முழு ஷிஃப்டு. கோர்ட்டுப் பக்கமே வராண்டாம்."

தீர்த்தகிரிக்கு முப்பத்தொரு வயது. இன்னும் நாலு வருஷம் ஆடலாம், முட்டி ஒத்துழைத்தால் ஐந்து. முழு ஷிஃப்டு என்றால் இன்றோடு சரி.

"அந்த அஞ்சுல நான் இருக்கறனா சார்?"

"பாயிண்ட் கார்டு நீதாம்லா! ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரி டோர்னமெண்டு ஃபைனலுக்குத் தலைமை ஆபீசுலேருந்து ஆபீசர் வாராரு. நீ பந்தக் கொண்டு போறத அவரு கண்ணால பாத்துட்டாப் போதும், மிச்சத்த நான் பேசிக்கிடுதேன்." சொல்லிவிட்டுக் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே புதுப் பனியன். நாலாம் நம்பர்.

பெண்டாட்டி சென்னம்மா, தான் வேலை பார்க்கும் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் முடித்து வந்து, பனியனை விரித்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாருது? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"என்னோடதுதான்."

அவள் நம்பவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொம்பில் கங்கு போட்டு, அந்தப் பனியனை மடிப்புத் தெரியாமல் தேய்த்தபடியே சொன்னாள். "ஒன்னு சொல்றன் கேளு மாமா. அங்க போயி, அதும் எனக்குத் தெரியும் சார்னு பல்ல இளிச்சிக்கினு நிக்காத. ஒரு வேலயாச்சும் தெரியாதுன்னு சொல்லிப் பழகு. கங்கப்பன் அண்ணனப் பாரு. நெட்டையா நிக்கறதத் தவிர அந்த மனுசனுக்கு வேற என்ன தெரியும்? அவரு எடத்த எவனாச்சும் தொட்டானா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. கங்கப்பன் அஞ்செட்டி மலைக்காரன். மாட்டுச் சந்தைக்கு வந்தவனை, சனங்களின் தலைக்கு மேலே அவன் தலை தனியாகத் தெரிந்ததை வைத்தே பிடித்து வந்து சென்டராக்கினார்கள். கூடைக்குக் கீழே நிற்பான், பந்து கையில் விழுந்தால் மேலே போடுவான். இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னால் குழம்பிப்போவான். அதனால் யாரும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. ஷெட்டில்கூடப் போல்ட் முறுக்குகிற ஒரே இடம்தான் அவனுக்கு, முக்காலியோடு.

அன்றைக்குப் படுத்தும் தூக்கம் வராமல் தீர்த்தகிரி ஒன்றை நினைத்துப் பார்த்தான். இத்தனை வருஷம் ஒவ்வொருவன் இடத்திலும் நின்றது வீணாகப் போகவில்லை. கங்கப்பனுக்குப் பந்து இடது தோளுக்கு மேலே வர வேண்டும், வலது தோள் பழைய அடி. ஓரத்தில் நிற்கிறவனுக்கு அவன் நகர ஆரம்பிப்பதற்கு முன்பே பந்து கிளம்பிவிட வேண்டும், நகர்ந்த பிறகு கொடுத்தால் எரிச்சல்படுவான். அங்கே நின்று அந்த எரிச்சலை அனுபவித்தவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஒரே இடத்தில் நின்று பழகிய கார்டு எவனுக்கும் தெரியாது. தன்னைப் போல இந்த டீமை நடத்த ஆள் இல்லை என்று அவனுக்கு அன்றுதான் உறுதியாகப் பட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சென்னம்மா தூங்கிவிட்டிருந்தாள்.

கிருஷ்ணகிரி மைதானத்தில் டியூப் லைட் கட்டியிருந்தார்கள். ஊரே பழ வாசமாக இருந்தது. ஆபீசர் மாலையும் கழுத்துமாக முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க எல்லோரும் எகிறிக்கொண்டிருந்தபோது, கங்கப்பன் எகிறி இறங்கியது ஒரு பையனின் காலின் மேல். கணுக்கால் புரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

சுடலைமுத்து சார் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். நிமிர்ந்த கண் எங்கே போகும் என்று தீர்த்தகிரிக்குத் தெரியும்.

"தீர்த்தகிரி, இன்னைக்கி ஒரு நாளு நீ ரிங்குக்குக் கீழ நின்னுக்கிடு. பந்த முனிவேல் கொண்டு போவட்டும்." முனிவேல் பெங்களூர்க் கல்லூரியில் படிக்கிறவன், இந்த ஆட்டத்துக்கென்று துணைக்கு வரவழைத்த பையன்.

தீர்த்தகிரி, சென்னம்மா தேய்த்துக் கொடுத்த பனியனை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டான். சொல்லிவிட்டான். "எனக்குத் தெரியாது சார்."

"என்னது?"

"சென்டர் ஆட எனக்குத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஐஸ் கட்டியைக் காலில் அழுத்திக்கொண்டிருந்த கங்கப்பன் வலியோடு சிரித்தான். சாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கேட்டீயளாவே! இவனுக்குத் தெரியாதாம்!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். முனிவேல்கூட, "அண்ணன் செமையா ஜோக் அடிக்கறாரு" என்றான். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

நான் ஏன் ஆட வேண்டும், சும்மா நிற்கிறேன் என்று முடிவு செய்துகொண்டுதான் தீர்த்தகிரி கூடைக்குக் கீழே போனான். முதல் பந்து வளையத்தில் பட்டு அவன் தலைக்கு மேலே வந்தது. கையைத் தூக்கவில்லை. எதிராளி பிடித்துக் கூடையில் போட்டான். நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. தெரியாது என்றேனே, இப்போது பாருங்கள். அடுத்த பந்து வந்தது. இதையும் விடு என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கையும் மேலே போய்ப் பந்தைப் பறித்துவிட்டன. தன் கைகள் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. எதிர் டீம் பெங்களூர்க்காரர்கள், இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், 'எடக்கே, எடக்கே' என்று கன்னடத்தில் ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இவன் காது சும்மா இருக்குமா? போய் இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றான். தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களோடு இடித்து, விழுந்து, எழுந்து, பந்தைப் பிடித்து வெளியே முனிவேலுக்குக் கொடுக்கும்போதெல்லாம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தான். பையனும் கெட்டிக்காரன், சொன்ன பக்கம் பறந்தான். சனங்கள் "முனிவேல்! முனிவேல்!" என்று கத்தினார்கள். ஜெயித்தார்கள்.

கோப்பையோடு படம் எடுத்து முடிந்ததும் ஆபீசர் முனிவேலின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். சுடலைமுத்து சார் மெதுவாக இவன் பக்கம் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆபீசருக்கு அந்தப் பையன் ஆட்டம் புடிச்சிப் போச்சு. வேலைக்கே எடுத்துக்கிடச் சொல்லிட்டாரு. கங்கப்பனுக்குக் காலு சீக்கிரம் சரியாயிரும். மத்த மூணு பேரு எப்பவும் உள்ளவனுவ."

"அப்ப நான் எங்க சார்?"

"அஞ்சும் நெறஞ்சி போச்சிய்யா." கொஞ்ச நேரம் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்கென்னடே? உன்ன எங்க போட்டாலும் பொழச்சிக்கிடுவே."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் தீர்த்தகிரிக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். குழம்புக்கு மணம் கொடுத்துவிட்டு இலையோரத்தில் கிடக்கிற கறிவேப்பிலையிடம் போய், உன்னால்தான் குழம்பே என்று சொன்னால் அது என்ன பதில் சொல்லும்? நாலடி போன சார் திரும்பி நின்று, "பனியன மட்டும் தொவச்சி முனிவேல்ட்டக் குடுத்துரு, என்னா?" என்றார்.

வீட்டில் சென்னம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "தெரியாதுன்னு சொன்னியா இல்லயா?"

"சொன்னன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

திட்டுவதற்கென்று அவள் எடுத்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. எழுந்து போய்த் தண்ணீர் காய வைத்தாள். பனியனை அவள் துவைக்கிறேன் என்று கேட்டபோது அவன் கொடுக்கவில்லை. தானே கல்லில் அறைந்து துவைத்தான். புதுப் பனியனில் அவ்வளவு அழுக்கு இல்லை.

மறுநாள் கங்கப்பன் கட்டுப்போட்ட காலோடு வந்தான். நிற்க முடியாது என்று அவனை டைம் ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார்கள். அவன் இடத்துக்குத் தீர்த்தகிரியை அனுப்பினார்கள். முழு ஷிஃப்டு. முக்காலிகூட இருந்தது, கங்கப்பன் உயரத்துக்குச் செய்தது. உட்கார்ந்தால் இவன் கால் தரையில் பாவவில்லை.

சாப்பாட்டு மணி அடித்து முடிந்து பெல்ட் மறுபடி ஓட ஆரம்பித்தது. பயிற்சிக்குப் போகிறவர்கள் கைகழுவிவிட்டு வெளியே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஷெட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. யார் தட்டுவது என்று சத்தத்தை வைத்தே தீர்த்தகிரிக்குத் தெரிந்தது. முனிவேல்தான், அன்றைக்கே பயிற்சிக்கு வந்துவிட்டான். சின்னச் சின்னதாக, அவசரமாகத் தட்டினான். இவ்வளவு அவசரம் ஆகாது, ஓரத்தில் இருக்கிறவன் இன்னும் நகரவில்லையே என்று நினைத்தபடி ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பம்பு அவனைத் தாண்டிப் போயிற்று.

ஸ்பானரைக் கீழே வைத்தான். கையைத் தூக்கினான்.

பக்கத்து இடத்தில் நின்ற கரியப்பன் அதைப் பார்த்துவிட்டுக் குழம்பினான். "ண்ணா, நீ எதுக்குண்ணா கை தூக்கற? ஒனக்கு யாரு வருவா?"

தீர்த்தகிரியின் கை நன்றாக மேலே போயிருந்தது, விரல்கள் விரிந்திருந்தன. கோர்ட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே அடுத்து எப்படி ஆடப்போகிறோம் என்று பாயிண்ட் கார்டு கை தூக்கிக் காட்டுவானே, அப்படி. மேசையில் எழுதிக்கொண்டிருந்த நாராயணப்பனின் ஓரக்கண்ணில் அது பட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"தீர்த்தகிரி! அங்க எவனோ கை தூக்கறான் பாரு. பேக பா, போய் நில்லு!"

யாரும் போகவில்லை. போல்ட் முறுக்காத இன்னொரு பம்பு கரியப்பனிடம் வந்து சேர்ந்தது. அவன் அதைத் தொடுவதா விடுவதா என்று தெரியாமல் இவனைப் பார்த்தான்.

"ஏ தீர்த்தகிரி!" போர்மேன் இன்னும் உரக்க, எங்கேடா இருக்கிறாய் என்று கூப்பிட்டார். "எல்லிதியோ?"

கை இறங்கவில்லை.