ஒரு சோபா போடும் இடம்

ஜூன் 12, புதன்.

இன்றைய சிறு தவறு: கைபிரேக்கை முழுதாக இறக்காமலே தெருமுனை வரை வேனை ஓட்டிவிட்டேன். தீய்ந்த வாசனை வந்ததும் பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா மூக்கைச் சுருக்கினாள். "ஏண்டி, யாராவது வார்னிஷ் காய்ச்சறாங்களா?" என்றாள். ஓட்டுநர் பயிற்சியின் மாலை வகுப்பில் அன்றன்றைக்கு ஓட்டியதை எழுதிக்கொண்டு போக வேண்டும். தவறைத்தான் முதலில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். மீதியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மனதில் இருப்பது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்களுடையது மரச்சாமான் கடை. லோடு வேன் இரண்டு. முன் வேனை அக்காவின் கணவர் ஓட்டுவார். நான் மாமா என்று கூப்பிடுவேன். பின் வேனின் ஓட்டுநர் வேலையை விட்டுவிட்டதால் இன்று அதை என்னிடம் கொடுத்தார்கள். "ஒழுங்கா வந்து சேர்ந்தா வண்டி உனக்கு. இல்லேன்னா மறுபடி உப்புத்தாள்தான்" என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக நான் உப்புத்தாளால் மரம் தேய்த்தவள். விரல் நுனியில் ரேகையே மிச்சமில்லை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. சாமான் போகும் வீடு எங்கே இருக்கிறது என்பது மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒருமுறை போய் அளவெடுத்து வருவார்; வழி அவர் மண்டைக்குள் இருக்கும். பின் வேன் அவர் வாலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் யாரும் நுழைந்துவிடக் கூடாது. இன்று போக வேண்டியது புதிய மனைப்பிரிவு. அந்தத் தெருக்கள் போன் வரைபடத்தில்கூட இன்னும் ஏறவில்லை.

முன் வேனில் ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி. நீளம் அதிகம் என்பதால் வேனின் பின்பக்கக் கதவுத் தட்டியை இறக்கியே வைத்திருந்தார்கள். பாலீஷ் போட்ட பக்கத்தில் கயிறு உராயக் கூடாதென்று கண்ணாடி பின்னால் பார்க்கும்படி கட்டியாயிற்று. அதைப் பிடித்துக்கொள்ள எங்கள் பாலீஷ்காரர் தட்டி ஓரத்திலேயே உட்கார்ந்தார். ஆள் ஒல்லி, எதையும் நகராமல் பிடித்து நிறுத்துவார். அதனால் எல்லாருக்கும் அவர் குண்டூசி. "அண்ணே, உள்ள தள்ளி உக்காருங்களேன்" என்றேன். "எனக்குக் காத்து வேணும் தங்கச்சி" என்று காலை ஆட்டினார்.

வகுப்பில் சொன்னபடிதான் தொடங்கினேன். மாமாவின் வேன் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும், "ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூணு" என்று முணுமுணுத்தேன். அந்த மூன்று விநாடிக்குப் பிறகுதான் நான் அந்தக் கம்பத்தை எட்ட வேண்டும்.

"என்னடி, மந்திரம் சொல்றே?" என்றாள் அக்கா.

"இடைவெளிக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு சிவப்புக் கார் அந்த இடைவெளிக்குள் சொகுசாக வந்து உட்கார்ந்தது. அடுத்த சிக்னலில் மாமா தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "நடுவுல ஒரு சோபா போடலாம்போல இருக்கே! ஒட்டி வாம்மா! வழி தெரியாம நின்னா, நான் தேடி வர மாட்டேன்!"

காதெல்லாம் சூடாகிவிட்டது. சிவப்புக் கார் திரும்பிப் போனதும் ஒட்டினேன். மிக ஒட்டினேன். நம்பர் பலகையின் ஆணிகூடத் தெரிந்தது.

அப்போதுதான் அந்த அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தேன். அதற்குள் ஒரு வேன் முழு வெறியோடு எங்களை இடிக்க வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கின் பின்னால் பல்லைக் கடித்தபடி ஒருத்தி. பக்கத்தில் இருந்தவள், இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தாள். இடையில் குண்டூசி அண்ணனின் கால்கள் ஊஞ்சலாடின.

ஐயோ, அது நான்!

காலை எடுத்தேன். கண்ணாடிக்குள் இருந்த வேன் சுருங்கிக்கொண்டே போனது. கம்பம், ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூணு. எனக்கு மூச்சு வந்தது. உடனே பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை அடித்தது.

"அவன் அந்தக் கத்து கத்தறான், நீ இன்னும் மெதுவாப் போறியே!" என்றாள் அக்கா.

"அவன் ஒட்டி வர்றதாலதாங்கா. நான் பட்டுனு பிரேக் போட்டா அவன் நம்ம மேல ஏறிடுவான். முன்னாடி இடம் இருந்தா மெல்லமா நிறுத்தலாம்."

"எல்லாம் சரி, உங்க மாமா பேசப் போறதைக் கேக்க உனக்குக் காது வேணுமே!"

மர நிழலில் ஒரு வேகத்தடை. வெள்ளைக் கோடெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. முன்னால் பச்சை விளக்கைப் பார்த்த மாமா தடையைப் பார்க்கவில்லை. வேன் எகிறியது. அலமாரி குலுங்கியது. குண்டூசி அண்ணன் அப்படியே தட்டியிலிருந்து கிளம்பி, ரோட்டில் விழுந்து உருண்டார்.

அக்கா கத்தினாள். நான் கத்தினேனா தெரியாது. பிரேக்கை அழுத்திய கால் மட்டும் நினைவிருக்கிறது: முதலில் மெல்ல, பிறகு இறுக்கி. பக்கக் கண்ணாடியில் லாரி பெரிதாகி, பெரிதாகி, தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. நாங்களும் நின்றோம்.

முன்னால் ரோட்டில் குண்டூசி அண்ணன் உட்கார்ந்திருந்தார்! ஒரு செருப்பு எங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில், மற்றது அவர் காலில். முழங்கை சிராய்ந்து ரத்தம். எங்கள் பம்பரைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், நடுவில் இருந்த வெறும் ரோட்டைப் பார்த்தார்.

மாமா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"என்னய்யா ஆச்சு? எங்கய்யா அடி?"

குண்டூசி அண்ணன் கையால் ரோட்டைத் தட்டிக் காட்டினார். "முதலாளி, சோபா போடற இடம்னீங்களே... அதுலதான் இப்ப நான் உக்காந்திருக்கேன்."

மாமா என் பம்பருக்கும் அவர் காலுக்கும் நடுவில் நின்று பார்த்தார். எதையும் பார்த்த மாத்திரத்தில் அளந்துவிடுகிற கண் அவருக்கு. முகம் வெளுத்துப்போனது.

"நீ நான் சொன்னபடி ஒட்டி வந்திருந்தா..." என்று தொடங்கியவர், குண்டூசி அண்ணனைத் தூக்கிவிடக் குனிந்தார்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு, எலும்பு முறியவில்லை என்று சொன்ன பிறகுதான் மறுபடி கிளம்பத் தயாரானோம். குண்டூசி அண்ணனை என் வேனுக்குள் உட்கார வைத்தோம். தட்டிக்கும் அலமாரிக்கும் கூடுதல் கயிறு போட்டோம். அலமாரி கீறலில்லாமல் வீடு சேர்ந்தது. திரும்பும்போது குண்டூசி அண்ணனுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறுக்கு வழியில் மாமா என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு, பின்னால் வந்தார். எவ்வளவு தள்ளி வந்தார் என்றால், ஒரு சிக்னலில் மாட்டி, எந்தத் திருப்பம் என்று தெரியாமல் சுற்றிவிட்டு, எங்களுக்கு வெகுநேரம் கழித்துக் கடைக்கு வந்தார்.

"ஊருக்கே வழி சொல்றவர் தொலைஞ்சிட்டீங்களா?" என்று அக்கா வம்புக்கு இழுத்தாள்.

"தொலைஞ்சா கேட்டு வந்துடலாம்டி. இடிச்சா யாருகிட்ட போய்க் கேக்கறது?" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "வண்டிக்கு முன்னாடி விடற இடம் அடுத்தவன் நுழையறதுக்கு இல்லம்மா. நம்ம கண்ணுக்குப் படாத ஒரு ஆபத்து வந்து நிக்கறதுக்கு. நுழையறவன் நுழையட்டும், நாம இன்னொரு தடவை இடம் விட்டுக்குவோம்" என்று சொல்லி, பின் வேனின் சாவியை என் கையில் வைத்தார்.

நான் ஓட்டியது முழுக்கச் சரியா என்று இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. கொஞ்ச தூரம் ஒட்டிப் போனதையும் வகுப்பில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது!

நாளைய வேலை: போக வேண்டிய வீட்டுக்கு வழியை மாமாவிடம் கேட்டு, இரண்டு வேனுக்கும் தனித்தனியாக எழுதி வைப்பது.